புகைவண்டி அல்ல, என் கார்

சுண்ணாம்புக்குளம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா காசியம்மாள் அவர்களுக்கு, பவித்ராவைப் பெற்ற இந்திராணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தோணிரேவில் நீங்களும் மாப்பிள்ளையும், மாசமாக இருக்கும் என் மகளும் நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உங்கள் வாசலில் நான் காரை நிறுத்தியபோது, கொடியில் கிடந்த சம்பந்தியின் வெள்ளை வேட்டி கரியானது உண்மை. அதற்காகத் தெருவே கேட்கும்படி, "இந்தப் பொகை வண்டில என் மருமவள ஏத்த மாட்டேன், பிரசவம் இங்கதான்"னு சொன்னீங்களே, நியாயமா? தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதைக் கார் புகையா மாற்றும்?

வீட்டுக்கு வந்ததும் படகு இன்ஜின் பார்க்கும் பிரதாப்பைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கழற்றினான், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "அக்கா, வண்டி பெட்ரோல எரிக்கல, குடிச்சிட்டு ஏப்பம் உடுது. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி"ன்னான். ஏர் பில்டர் அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டு ஓடவிட்டோம். புகை குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் காயவைத்திருந்த கருவாட்டின் மேல் போய்ப் படிந்தது. அவள் துடைப்பத்தோடு வந்து, "இன்னாடி, நான் மீன காய வெச்சா நீ பொகை போடறியா?"ன்னா. என் வீட்டுக்காரர், "வித்துத் தொலை"ன்னார். அன்று அவருக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

நான் விடவில்லை. "காலைல ஆறிக் கெடக்கும்போது டக்குனு கெளம்புது, சூடேறினாதான் திணறுது, ஏன்டா?" என்று கேட்டேன். பிரதாப் தலையைச் சொறிந்தான், டார்ச் அடித்தான், "சோக்குக்கா!" என்று கத்தினான். ஆறிய இன்ஜினைக் கிளப்பக் காற்றை மறைக்கும் சின்னத் தகடு அது. எங்கள் ஊர் உப்பு ஏரியின் காற்றில் துருப்பிடித்து, மூடினது மூடினபடியே நின்றுவிட்டது. நான் காருக்குள் சோக் குமிழைத் தள்ளினாலும் அங்கே தகடு திறக்கவில்லை. துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, புது கேபிள் போட்டான். இப்போது சைலன்சர் பின்னால் வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன், துளி கரி இல்லை. அந்தத் துண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கேன். சந்தேகம்னா மோந்து பாருங்க.

ஆகவே வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும், அதே காரில், நானே ஓட்டி, என் மகளைக் கூட்டிப்போவேன். நீங்க ரோட்டுக்குக் குறுக்கால படுத்தாலும் ஆரன் அடிச்சு எழுப்பிட்டுப் போவேன், சொல்லிட்டேன்.

சம்பந்திக்கு என் வணக்கம், வெற்றிலையைக் குறைக்கச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
யாருக்கும் பணியாத
இந்திராணி

பி.கு.: உறையை ஒட்டும்போது பவித்ரா போன் செய்தாள். "அம்மா, அத்தைய ஒண்ணும் சொல்லாத. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பொகைய தாங்கிடுவேன், நீ வண்டிய பள்ளத்துல எறக்கி ஏத்தறத வயித்துப் புள்ள தாங்காது. நான் வரேன், நீ ஓட்டாத"ன்னு ஒரே அழுகை. எனவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். என் மகளுக்காகத் தெருவில் கெட்ட பெயர் எடுத்திருக்கிறீர்கள், அதை மறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காரைப் பிரதாப் ஓட்டுவான். நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெயின் ரோடு ஏறும் வரையிலாவது.