மூன்று வாய்த் தண்ணீர்

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தண்ணீரை ருசி பார்ப்பது. அந்த வித்தையைக் காட்டித்தான் பெற்ற மகளின் முதல் வாடிக்கையாளரைத் துரத்தியடித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருச்செங்கோட்டில் எனக்கு ஒரு போர்வெல் வண்டி இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சியடித்ததும் அள்ளுகிற முதல் கை என்னுடையதுதான். முதல் வாய் கொப்பளிக்க, இரண்டாவது நாக்குக்கு, மூன்றாவது தொண்டைக்கு. நான் விழுங்கி முடிக்கும்வரை தோட்டத்துச் சொந்தக்காரர் குடும்பமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். (அந்தப் பார்வைக்காகவே கொஞ்சம் மெதுவாக விழுங்குவேன்.)

என் மகள் நித்யா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மிதவை மையம் தொடங்கினாள். மூடிய தொட்டி, கெட்டியான உப்புத் தண்ணீர். உள்ளே வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு மணி நேரம் மிதந்தால் மனசு லேசாகிவிடுமாம். "மல்லாந்து படுக்கறதுக்கு ஒரு கடையா சாமி?" என்று மாதக்கணக்கில் கிண்டல் செய்தேன். திறந்த அன்று, "மொத ஆளா நீங்கதானுங்கப்பா படுக்கோணும்," என்று அவள் சொன்னதும் அங்கேயே சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு அடுத்து ஒரு டாக்டரம்மா வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால், தூக்கம் வராத நோயாளிகளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நித்யா அந்த ஒருவரைத்தான் நம்பியிருந்தாள்.

"அப்பா, தண்ணி கண்ணுலயும் வாயிலயும் படாமப் பாத்துக்குங்க."

"எனக்கே தண்ணியப் பத்திச் சொல்றியா சாமி?"

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். உடம்பு தானாக மேலே வந்தது. முப்பது வருஷம் கம்ப்ரசர் சத்தத்தில் கிடந்த காதுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. என் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு, வண்டியில் ஏதோ தட்டுகிறது என்று எழப் பார்த்தேன். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. சுற்றிலும் தண்ணீர். கை தானாக வாய்க்குப் போனது.

ஒரே கசப்பு. எந்த ஊர்த் தண்ணீரோடும் சேரவில்லை. சந்தேகம் தீர இரண்டாவது வாய். தொழிலுக்கு மரியாதையாக மூன்றாவது.

அது பேதிக்குக் கொடுக்கிற உப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.) அரை மணி நேரத்தில் வயிறே சொன்னது. இருட்டில் எழுந்து, கண்ணில் உப்பு ஏறி, கதவைத் தடவிக் கண்டுபிடித்து, இடுப்பில் ஒரு துண்டோடு ஓடினேன். கழிப்பறை வரவேற்பறையைத் தாண்டி இருந்தது. வரவேற்பறையில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வணக்கம் வேறு வைத்தேன்.

திரும்பி வந்தபோது நித்யா வெளிறிப்போய் நின்றாள். "என்னங்கப்பா ஆச்சு? தண்ணியக் குடிச்சீங்களா?"

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானெதுக்குக் குடிக்கறேன்? தண்ணிதான் சரியில்ல சாமி," என்றேன்.

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "இன்னொரு நாள் பாக்கலாங்க," என்று போய்விட்டார்.

நித்யா அன்றைக்கே தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டாள். உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. துண்டோடு ஓடியதை மறந்துவிட்டேன். இது மட்டும் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் டாக்டரம்மாவின் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன்.

"என்ன தொந்தரவுங்க?"

"பொய் சொல்லிப்போட்டனுங்க," என்று ஆரம்பித்து மூன்று வாயையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க மேஜைக்கடியில் எதையோ தேடினார். அந்த வாரமே மிதக்க வருவதாகவும் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் போய் நித்யாவிடமும் சொன்னேன்.

"தண்ணி எப்பிடிங்கப்பா இருந்துச்சு?"

"கசப்பு, சாமி."

இப்போது அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும், தண்ணீரை ஏன் வாயில் வைக்கக் கூடாது என்பதை என் கதையோடுதான் சொல்லி அனுப்புகிறாள். கதை திருச்செங்கோடு வரைக்கும் வந்துவிட்டது. போர் போட்டுத் தண்ணீர் வந்ததும், நான் கையை நீட்டுவதற்கு முன்பே எங்கள் வண்டியில் துளை போடும் டிரில்லர் தோட்டத்துச் சொந்தக்காரரிடம் வெகு பணிவாகக் கேட்கிறார்:

"ஏனுங்க, இங்க கக்கூஸ் எந்தப் பக்கமுங்க?"