பதினான்கு இதயங்களின் ஒரே வேகம்

இதய மருத்துவத்தின் வரலாற்றை யாராவது எழுதினால், மத்திய ஜாவாவின் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊர் மருத்துவமனைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆளுக்கொரு இதயம், இதயத்துக்கொரு வேகம். எங்கள் பயிற்சி வகுப்பில் பதினான்கு இதயங்களுக்கும் ஒரே வேகம். இதைச் சாட்சியோடு சொல்கிறேன். நாடி பிடிப்பதும் கடிகாரம் பார்ப்பதும் படிவம் நிரப்புவதும் என் வேலை.

பதினான்கு பேருக்கும் இதயக் குழாயில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று காலை, கூடத்தைச் சுற்றி வேகநடை. முதல் இரண்டு வாரம் சீருடைக்குப் போனது. பச்சை பாத்திக் சட்டையில் இதயச் சின்னம் எந்தப் பக்கம் என்று நான்கு கூட்டங்கள் நடந்தன. மனித உடலில் இடப்பக்கம் என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, குறிப்பில் ஏறவில்லை. வலப்பக்கம் நிறைவேறியது.

குழுவின் தலைவர் பாக் குன்சோரோ. 'பாக்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'. போக்குவரத்து அலுவலகத்தில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டி முடித்த பாலத்தைப் பார்வையிடுபவர் போல நடப்பார். அவருக்குப் பின்னால் பதின்மூன்று பேர். பெரியவரைக் கடக்க வேண்டுமென்றால் முதுகை வளைத்து, வலது கையைத் தரைப்பக்கம் நீட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

பாக் சரிமன் முதல் நாள் அப்படிப் பதினோரு முறை கடந்தார். அவர் ஏழாம் எண் மினிபஸ் ஓட்டுநர். வேகமாக நடக்கச் சொன்னதை நம்பிவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் பெரியவரின் முதுகு எதிர்ப்படும், இவர் வளைவார். நாடி நூற்றுப்பத்துக்குப் போனது. டாக்டர் கேட்ட எண் அதுதான். பன்னிரண்டாவது முறை பாக் குன்சோரோ நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாரு, சரிமனா? என்னப்பா, இங்கயும் பயணி ஏத்தப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சரிமனும் சிரித்தார். அவருடைய வழித்தட அனுமதியில் இருபது வருடம் கையெழுத்துப் போட்டவர் கேட்கிறார். அன்றிலிருந்து சரிமன் யாரையும் கடக்கவில்லை. நாடி எழுபத்தாறுக்கு இறங்கியது.

இதைப் பரிசீலிக்கக் கூட்டம் கூடியது. தலைவரைக் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்லலாமா என்று முணுமுணுத்தேன். டாக்டர் விடோவதி என்னை அன்போடு பார்த்தார். "அவர் மனசு புண்படும்மா. அவர் ஹார்ட் பேஷண்ட்." அதனால் 'இலக்கு நாடித்துடிப்பு' நூற்றுப்பத்திலிருந்து எழுபத்தைந்தாகத் திருத்தப்பட்டது. மறுநாளே பதினான்கு பேரும் இலக்கை எட்டினார்கள். இவ்வளவு விரைவான முன்னேற்றத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

பன்னிரண்டாம் வாரம் இறுதிச் சோதனை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது. ஆளுக்குத் தனித்தனியாகத்தான் வைப்பார்கள். மாவட்ட அதிகாரிகள் வருவதாலும் குழுப்படம் எடுக்க வேண்டியிருப்பதாலும் நாங்கள் அதைக் 'கூட்டு நடை'யாக உயர்த்தினோம்.

முந்தின நாள் சரிமன் அவித்த நிலக்கடலைப் பொட்டலத்தோடு என் மேசைக்கு வந்தார். மினிபஸ் சங்கத்தில் சான்றிதழ் கேட்கிறார்களாம். நானூறு மீட்டர் நடந்தால் வண்டி அவருக்கு. இல்லையென்றால் ஏழாம் எண் வேறு ஆளுக்கு. தினமும் விடிந்ததும் மலைப்பாதையில் நடக்கிறாராம், மனைவி கடிகாரத்தோடு நிற்கிறாராம். ஆறு நிமிடத்தில் ஐந்நூறு வருகிறதாம்.

"எனக்கு மட்டும் தனியா வெச்சுப் பாக்க முடியுமாம்மா? யாருக்கும் தெரிய வேணாம்."

"எல்லாரோடயும் நடந்தா என்ன பாக்?" என்றேன், காரணம் தெரிந்துகொண்டே.

"நடக்கலாம். அவர் முதுகுல எத்தனை சுருக்கம்னு கூட எனக்கு இப்ப மனப்பாடம்."

டாக்டரிடம் கேட்டேன். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் ஒற்றுமை என்னாவது என்றார். நியாயம்தானே.

சோதனை நாளில் ஐம்பது நிமிடம் உரைகள் நடந்தன. நோயாளிகள் வெயிலில் நின்று இதயநலம் பற்றிக் கேட்டார்கள். பிறகு தாழ்வாரத்தில் நடை தொடங்கியது. பாக் குன்சோரோ முன்னால், மற்றவர்கள் பின்னால். நான்காவது நிமிடம் அவர் ஒரு அதிகாரியைக் கண்டு கைகுலுக்க நின்றார். பதின்மூன்று பேரும் நின்றார்கள். அவருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடைவெளி விழுந்தது. சரிமனின் வலது கால் அந்தப் பக்கம் திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார்.

போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரம் மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

நூற்றுத் தொண்ணூற்றாறு மீட்டர். பதினான்கு பேருக்கும் அதே தூரம். அதிகாரிகள் கைதட்டினார்கள். 'ஒருவர்கூடப் பின்தங்காத திட்டம்' என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. பாக் குன்சோரோ சரிமனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வருத்தப்படாதப்பா. நானும் அவ்வளவுதானே."

"ஆமாங்க பாக்," என்றார் சரிமன். பெரியவரின் ஓட்டுநர் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: தூரம் குறைந்ததற்குக் காரணம்? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால்வலி என்று மூன்று கட்டங்கள். நான்காவது கட்டம் இல்லை. கால்வலியில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வாரத்தில் வேகமாக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

சரிமன் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். கோபமே இல்லை.

"எந்தக் கால்ல வலிம்மா? சங்கத்துல கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாது பாருங்க."

"வலது கால்," என்றேன்.

தலையசைத்தார். என் மேசையைக் கடக்கும்போது முதுகை வளைத்து, கையைத் தாழ்த்தி, மன்னிப்புக் கேட்டார். பிறகு வாசல் வரைக்கும் வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து போனார், என் கையெழுத்து பொய்யாகிவிடக் கூடாதென்று.