திருப்பிப் போட்ட பிளாஸ்டிக் தாள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரிந்த விஷயத்தைவிடத் தெரியாத விஷயத்தைத்தான் சத்தமாகச் சொல்வேன். வரலாற்று டீச்சருக்கு இது அப்படியொன்றும் பெரிய குறையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு "நீ இன்ஜினீயர், நீ நர்ஸ்" என்று அவர்கள் தலையெழுத்தைப் படித்துச் சொல்லும் வேலைக்கு மட்டும் இப்படிப்பட்டவளை வைக்கவே கூடாது. வைத்தார்கள்.

சில வருடங்களுக்கு முன், மேற்படிப்புக்கு மாணவர்களை எப்படி வழிநடத்துவது என்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மதியம் பிரியாணி என்று கேள்விப்பட்டு, பிரேசர் டவுனில் இருக்கும் எங்கள் பள்ளியின் சார்பில் நான் கை தூக்கினேன். (பிரியாணி சுமார்தான். பின்னால் நான் பட்ட பாட்டை நினைத்தால் அதுகூட இல்லை.) மறுநாள் எங்கள் ஹெச்.எம். பிரியாணியைக் குத்திக்காட்டி, கன்னடம் கலந்த தமிழில் என்னை மடக்கினார்.

"ஜெசிந்தா மிஸ், சும்னே போய் ஊட்டா பண்ணிட்டு வந்தா ஆகுமா? இனிமே கரியர் கைடன்ஸ் நீங்கதான்."

பயிற்சியில் ஒரு பை கொடுத்திருந்தார்கள். அதில் கேள்வித்தாள்கள், விடைத்தாள்கள், கூடவே வண்ண வட்டங்கள் போட்ட ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள். பிள்ளை எழுதிய விடைத்தாளின் மேல் அதை வைக்க வேண்டும். எந்த நிற வட்டத்துக்குள் நிறைய டிக் விழுகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு ஏற்ற துறை. சிவப்பு என்றால் பேச்சு, சட்டம். பச்சை என்றால் ஆய்வுக்கூடம். இப்படி ஆறு நிறங்கள். பிளாஸ்டிக்கின் மேல் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடியாக ஒரு வரி இருந்தது. எனக்கு அப்போது வெள்ளெழுத்து வந்து வெகு நாளாகியிருந்தது. கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று போடாமல் திரிந்தேன். அந்த வரி ஏதோ ஜப்பான் எழுத்து, கம்பெனி பெயராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வகுப்பு முழுக்கத் தேர்வு வைத்துத் திருத்தினேன். முடிவுகள் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தன. ஸ்கூட்டர் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் இம்ரானுக்கு ஓவியம் வந்தது. ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் உட்காராத சந்தோஷுக்குக் கணக்கு எழுதும் வேலை வந்தது. எனக்குச் சந்தேகம் வர வேண்டுமா, வேண்டாமா? வரவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைகிட்ட மறைஞ்சு கிடக்கிற திறமை இது" என்று பிரசங்கம் செய்தேன். அதைவிட வேடிக்கை, ஒரு பெற்றோரும் மறுக்கவில்லை. "ஆமா மிஸ், சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கலைச்செல்விக்குச் சிவப்பு வந்தது. வக்கீல்.

கலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒக்கலிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கடைசி பெஞ்ச். வருகைப் பதிவில் அவள் "பிரசென்ட் மிஸ்" என்று சொல்வது வாயசைவில்தான் தெரியும். நான் எத்தனையோ முறை அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறேன். அதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவள் அப்பா முனிரத்தினம், தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். சுரங்கம் மூடிய பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து ஒரு குடோனில் லோடு இறக்குகிறார்.

"வக்கீலா? இன்னா மிஸ் சொல்றீங்க? வீட்ல இது வாயத் தொறந்தே நான் பாத்ததில்லையே" என்றார்.

"டெஸ்ட் பொய் சொல்லாதுங்க" என்றேன் நான். (இந்த வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா.)

கலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணின் நிறத்தை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கடுத்த நாட்களில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலமாகியிருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லா டீச்சர்களுக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. கலை ஹெச்.எம். அறை வாசலில் போய் நின்றாள். பின்னால் வகுப்புப் பெண்கள்.

"மேடம், தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் நாங்க கிளாசுக்குப் போறதில்ல."

குரல் நடுங்கியது, ஆனால் வராந்தாக் கடைசி வரை கேட்டது. மறுநாள் தச்சர் வந்தார்.

முனிரத்தினம் என்னைப் பார்க்கவென்றே பள்ளிக்கு வந்தார். "மிஸ், தண்ணி லாரிக்காரன் எங்க தெருவ உட்டுட்டுப் போய்க்கினே இருந்தான். இது போய் வண்டி முன்னால நின்னு நியாயம் பேசிச்சு. இப்ப டெய்லி நிக்கிறான். தெருவுல எல்லாம் இத லாயரம்மான்னுதான் கூப்டுறாங்க." பத்தாவது முடித்து பி.யு.சி. இரண்டு வருடம் ஆர்ட்ஸ், அப்புறம் சட்டக் கல்லூரி என்று அவளே அப்பாவை உட்கார வைத்து விளக்கியிருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

அந்தப் பெருமையில்தான் பையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மகள் ஷீபா தானும் தேர்வு எழுதிப் பார்க்க வேண்டும் என்றாள். எழுதி முடித்து பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தவள், மேலே இருந்த வரியை இங்கிலீஷில் சரளமாகப் படித்தாள். பிறகு அர்த்தம் சொன்னாள்.

"அம்மா, இந்தப் பக்கம் மேலே இருக்கணுமாம். நீ எப்படி வெச்சே?"

நான் எழுத்து இடவலம் மாறித் தெரிகிற பக்கத்தை, அதாவது என் ஜப்பான் எழுத்துப் பக்கத்தை, மேலே வைத்திருந்தேன். என் கணவர் பால்ராஜ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இம்ரானையும் சந்தோஷையும் தனியாகக் கூப்பிட்டுச் சரிசெய்திருக்கலாம். எனக்கோ அன்றைக்கென்று பார்த்து நேர்மை தலைக்கேறிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி திருத்தி, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிப் புது முடிவுகளைப் படித்தேன். சந்தோஷுக்கு விளையாட்டு என்றதும் அவன் அம்மா, "அதானே, சின்னதுல இருந்தே இவன் ஓட்டம்தான் மிஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த பெயரைப் படித்தேன். கலைச்செல்வி, பச்சை, ஆய்வுக்கூடம்.

முனிரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "லேப் வேலையா மிஸ்? அதுவும் நல்லதுதான். படிச்சதும் வேலை கெடைக்கும்" என்றார்.

கலை எழுந்து நின்றாள். "மிஸ், அப்ப தாழ்ப்பாள் கேட்டது யாரு?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. 'நீதான் கண்ணு, வேற யாரு' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். வரலாறு படித்த மகராசி என்ன சொன்னேன் தெரியுமா?

"அது ஏதோ ஒரு வேகத்துல வந்ததும்மா. டெஸ்ட் பச்சைன்னு தெளிவா சொல்லுது பாரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் வருகைப் பதிவில் வாயசைவு மட்டும்தான். அதன் பிறகு நான் தனியாகக் கூப்பிட்டும் பேசிப் பார்த்தேன். சட்டமே படி, நான் உன் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். "பரவால்ல மிஸ்" என்றாள், உதட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பத்தாவது முடிந்ததும் லேப் டெக்னீஷியன் டிப்ளமாவில் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை கல்யாண விருந்துகளில்கூட ஓடுகிறது. ஷீபாவுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஃபோட்டோவை நான் பார்க்கக் கூடாதாம், திருப்பி வைத்துப் பார்த்து ஓகே சொல்லிவிடுவேனாம். நானும் சிரிப்பேன். பிளாஸ்டிக் வரைக்கும்தான் அவர்களுக்குத் தெரியும். கலையின் கேள்வியை நான் வீட்டில் சொன்னதில்லை.

போன மாதம் சுகர் டெஸ்டுக்குப் பால்ராஜோடு ஒரு லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்க வந்தது கலை. கையில் ஊசி போனதே தெரியவில்லை, அவ்வளவு பக்குவம். அந்த நேரம் ஒரு ஆள் ரிப்போர்ட் லேட்டு என்று வந்து அவளைக் கண்டபடி பேசினான். தப்பு கவுண்டரில் இருந்தவருடையது. நான் காத்திருந்தேன். பேசு கண்ணு, பேசு, என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் தலையைக் குனிந்து என் குப்பியில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"என்னம்மா? கேக்கலை. சத்தமா சொல்லு" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்ளும்படி தன் கையை மடக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பால்ராஜ் ஷீபாவைக் கூப்பிட்டார். "உங்கம்மாவுக்குக் கண்ணுதான் போச்சுன்னு நெனைச்சோம். இப்ப காதும் போச்சு. அந்தப் பொண்ணு சொல்றது ஒண்ணும் கேக்கலையாம், மெஷின் வாங்கணும்." இப்போது வருகிறவர்களிடமெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் இதுவரை சொல்லவில்லை.