வளவுக்குள் ஓடிய கோச்சி

எங்கள் கரைக்கு ரயிலைக் கொண்டுவந்தவர் கோச்சிக் காக்காதான். மறுக்க விரும்புகிறவர்கள் கல்முனைக்கு வந்து என்னோடு வாதாடலாம். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை அங்கிருந்து தெற்கே தண்டவாளம் போடுவார்கள். வாக்கெண்ணி முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காக்கா எந்த மேடையிலும் ஏறவில்லை. தன் மனைவியின் வளவுக்குள், குசினிக் கதவில் தொடங்கி, கிணற்றைச் சுற்றி, ஆட்டுக் கொட்டிலை உரசிக்கொண்டு, முன்வாசல் வரைக்கும் லைன் போட்டார். அதன்மேல் நெருப்பும் நீராவியுமாக ஒரு குட்டிக் கோச்சியை ஓட்டியும் காட்டினார். ரயிலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் கோச்சி, அண்ணனுக்குக் காக்கா. காக்காவின் சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

'மனைவியின் வளவு' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து குடியேறுவார். ஆகவே எங்கள் தெருவில் பெண்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள், ஆண்கள் எல்லாரும் வந்து ஒட்டியவர்கள். நான் அட்டாளைச்சேனையிலிருந்து வந்தவன். காக்கா சம்மாந்துறையிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க எனக்கு இன்றைக்கும் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மனிதர் நெல்லறையைக் காலிபண்ணி, அதற்குள் ஒரு பழைய லேத் மெசினை இறக்கி, கொங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார் என்றால் அவருடைய துணிவை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தொழிலால் அவர் பிடவைக்கடைக்காரர். சாரம், சாரி, பள்ளிக்கூட வெள்ளைத் துணி எல்லாம் விற்பார். கடையில் துணி அளக்கும்போது ஒரு சாண் கூடினாலும் 'போகட்டும்' என்று வெட்டிக் கொடுப்பார். அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து பித்தளையைக் கையில் எடுத்தால் வேறு ஆள். ஒரு திருகாணி மயிரளவு தடித்துவிட்டதென்று அதை எறிந்துவிட்டு முதலிலிருந்து கடைவார். யூடியூபில் இங்கிலாந்துக் கிழவர்கள் குட்டி எஞ்சின் செய்யும் படங்களைப் பார்த்துத்தான் அவர் இந்த வேலையைப் பழகினார். அவர்கள் சொல்வதில் பாதி விளங்காது. ஆனாலும் படம் தொடங்கும்போது அவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருமுறை சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போவதற்காக மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் போனார். டிக்கெட் எடுத்தார். முன்னால் போய் எஞ்சினைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கோச்சி புறப்பட்டுப் போனது. அவர் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்.

"என்ன காக்கா, ஏறல்லியா?" என்று கேட்டேன்.

"ஏறினா எஞ்சினப் பாக்க ஏலாதே தம்பி" என்றார்.

அவர் எஞ்சின் செய்ததை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமல்ல, ஊரில் பாதி அதற்குள் போயிருக்கிறது. பஜாரில் எல்லாரும் டிஜிட்டல் தராசுக்கு மாறியபோது வீசப்பட்ட இரும்புப் படிக்கற்களைப் பொறுக்கிவந்து லேத்தில் கடைந்து சக்கரச் சில்லு செய்தார். அந்தச் சில்லுகள் ஒருகாலத்தில் எங்களுக்குச் சீனியும் பருப்பும் நிறுத்துத் தந்தவை. ஏசி திருத்துகிறவர்களிடம் செப்புக் குழாய் வாங்கினார். பிரிட்ஜ் திருத்துகிற கடையில் வெள்ளிப் பற்றாசு வாங்கி அந்தக் குழாய்களைப் பொயிலரில் ஒட்டினார். கடைசியில், பொயிலரின் மேல் நீராவி திரளும் குமிழிக்குத் தேவையான பருமனில் பித்தளை எங்கும் கிடைக்காமல் தவித்தார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முகம் தெளிந்திருந்தது. அன்றுதான் அவருடைய மனைவியின் உம்மா விட்டுப்போன, வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டா காணாமல் போனது.

காக்காவின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் காக்கா தப்பியிருப்பார். அன்றிலிருந்து ராத்தா ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஒன்றில் வெற்றிலை வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மூடியைத்தான் நீட்டுவார். "எடுங்க. எங்கட வட்டா இப்ப கோச்சில போகுது" என்பார். காக்கா கூரையைப் பார்ப்பார்.

முதல் ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு. என் மனைவி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "வெடிக்குமா எண்டு கேளுங்க" என்று என்னை அனுப்பினாள். வெடிக்காது, அதிக நீராவி தானாக வெளியேற வால்வு இருக்கிறது என்று காக்கா விளக்கினார். ஆனாலும் முதற்பயணியாக மனிதர் யாரையும் ஏற்ற அவருக்கு மனமில்லை. ஆட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் பூட்டிய தள்ளுவண்டியில் வைத்தார். சிரட்டைக் கரி கனன்று, எஞ்சின் 'புஸ் புஸ்' என்று மூச்சுவிட்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றியது. ஆடு கொஞ்சமும் பதறவில்லை. முன்வாசலில் நான் பிடித்துக்கொண்டு நின்ற பச்சைக் கொடியை எட்டித் தின்றுகொண்டே போனது. வீட்டில் ஒருவருக்குத்தான் கோபம். மகள் சிபானா பாமசியில் வேலை செய்பவள். உடுப்புக் கொடியில் காய்ந்த அவளுடைய வெள்ளைக் கோட்டில் கரிப்பொட்டு விழுந்திருந்தது.

"வாப்பா, இதுக்கு நீங்க நெல்லறைக்க படுத்து நித்திர கொண்டிருந்தா எவ்வளவோ நல்லம்" என்றாள். அதன்பிறகு தெருவில் யாரைக் கண்டாலும் கரியைப் பற்றித்தான் முறையிடுவாள்.

இத்தோடு நின்றிருந்தால் காக்கா ஊருக்கு நல்ல மனிதராகவே இருந்திருப்பார். நோன்பு வந்தது. அவர் விசில் செய்தார்.

எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சைரன் ஊதுவார்கள். அதன் பிறகுதான் பாங்கு. ஒரு மாலை காக்காவின் பொயிலரில் நீராவி நிறைந்தபோது சைரனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. விசில் எப்படி இருக்கிறதென்று பார்க்க மெல்லத்தான் இழுத்தாராம். தெரு முழுக்க ஒரே நேரத்தில் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். ஊதிய மனிதரே பழக்கதோஷத்தில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார். நாங்கள் கஞ்சியைக் குடித்து முடித்து வாயைத் துடைக்கும்போது பள்ளிவாசல் சைரன் ஊதியது.

அன்று நோன்பு முறியாத ஒரே ஆள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸ்ரத். அவர் கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர். எல்லாரும் பெருநாளுக்குப் பிறகு முறிந்ததற்கு ஈடாக ஒரு நோன்பைக் களாவாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, காக்காவுக்குப் புத்தி சொல்ல வளவுக்குள் போனார். போனவர் தள்ளுவண்டியில் ஏறி ஒரு சுற்று வந்தார். இறங்கும்போது "இன்னொருக்கா போவமா?" என்று கேட்டதை நான் எழுதக்கூடாது.

ஆனால் மருதமுனை மாமி மன்னிக்கவில்லை. அவர் அன்றைக்குத்தான் தங்கை வீட்டில் நோன்பு திறக்க எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். "எண்ட களாவெல்லாம் புடிச்சி முடிச்சி நிம்மதியா இருந்தன். இந்தக் கோச்சிக்காரன் என்னத் திரும்பக் கடங்காரியாக்கிப் போட்டான்" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அதே மாமியிடமிருந்துதான் சிபானாவுக்குச் சம்பந்தம் வந்தது. மகன் ரிஸ்வி கட்டாரில் வேலை செய்கிற அமைதியான பையன். மாமிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. சிபானாவும் பையனோடு கதைத்துப் பார்த்துவிட்டு ஓம் என்றாள். ராத்தாவுக்குப் பெரிய சந்தோசம். மாமி வீடு பார்க்க வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார்.

"இந்த நெல்லறைய ஒடச்சா கார் நிப்பாட்டலாம். முத்தத்துக்கு இன்டர்லொக் கல் பதிச்சாச் சுத்தமா இரிக்கும். இந்தக் கம்பியெல்லாம் என்னத்துக்கு?"

"ஓம், கழட்டலாம்" என்றார் காக்கா. கடையில் வாடிக்கையாளர் விலை குறைக்கக் கேட்டால் சொல்கிற அதே ஓம்.

காக்காவும் ராத்தாவும் ஒதுங்கப்போகிற வீடு பின்வளவில் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். லேத்தை எங்கே கொண்டுபோவது? நெல்லறை உடைந்தால் அதைப் பழைய இரும்புக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் பார்த்தேன், காக்கா ஸ்பானரோடு குந்தியிருந்து தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒருக்காக் கேட்டுப் பாப்பமே காக்கா" என்றேன்.

"என்னத்தக் கேக்கிற தம்பி. அது புள்ளட வாழ்க்க. இது இரும்பு."

சொல்லிவிட்டு நெல்லறைக்குள் போனார். லேத் ஓடும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் சும்மா இருந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. இதை எப்படியாவது நிறுத்துவதென்று நான் களத்தில் இறங்கினேன்.

முதலில் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். "எனக்கு ஒண்டுமில்ல காக்கா, எனக்கும் கோச்சி விருப்பம். வாப்பாக்கிட்டக் கதைச்சிப் பாருங்க" என்றான். மருதமுனைக்குப் போய் அவனுடைய வாப்பாவைப் பிடித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "தம்பி, நானும் இந்த வீட்டுக்கு மாப்புளயா வந்தவன்தானே. அவக்கிட்டக் கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னார். 'அவ' என்றால் மாமி. மாமியிடம் கேட்க என்னிடம் துணிவிருந்தால் என் வீட்டுச் சுவரில் எப்போதோ ஆணி அடித்திருப்பேன். திரும்பி வந்து ராத்தாவிடம் முறையிட்டேன். அவர் ஐஸ்கிரீம் மூடியை நீட்டினார்.

"எனக்கிட்ட ஏன் கேக்கீங்க? வீடு எண்ட பேர உட்டுப் போகப்போகுது" என்றார்.

அதில் ஒரு குறிப்பு இருந்தது. இத்தனை வருடம் இந்தத் தெருவில் குடியிருந்தும் எனக்கு அது விளங்கவில்லை.

நாள் குறிக்க மாமி வீட்டார் வந்தார்கள். நாங்கள் ஆண்கள் முன் ஹோலில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தோம். காக்கா பிளேன்டித் தேநீர் குடிக்கக்கூட உட்காரவில்லை. கிணற்றடியில் நின்று கழற்றிய போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ஹோலில் பெண்கள். சிபானா மாமிக்குப் பிளேன்டி கொடுப்பது கதவு இடுக்கால் தெரிந்தது. கொடுத்தவள் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"மாமி, வீடு ஆர்ட பேரில எழுதிற?"

"ஒங்கட பேரிலதான் மகள். இதென்ன கேள்வி."

"அப்ப நெல்லறையையும் லைனையும் எனக்கிட்டக் கேக்காம ஒருத்தரும் தொடப்படா."

முன் ஹோலில் நெல் விலை அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உடுப்பில கரி படுகுதெண்டு நீங்கதானே மகள் தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்ச?" என்றார் மாமி.

"படுகுதுதான். அதுக்கு நான் வாப்பாவ ஏசுவன். நாளைக்கும் ஏசுவன். வேற ஒருத்தரும் ஏசப்படா."

மாமி அவளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"வீடு நடத்தத் தெரிஞ்ச புள்ள. கார வெளிய நிப்பாட்டலாம்" என்றார்.

மாசக்கணக்கில் ஆண்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு திரிந்த கேள்வி, ஒரு கோப்பை பிளேன்டி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வீடு யாருக்குப் போகிறதோ அவளிடம் கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கிணற்றடிக்கு ஓடிப்போய்க் காக்காவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த போல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ பளபளத்துவிட்டிருந்தது.

"என்ன ஏசினாளாமா?" என்றார்.

"இனியும் ஏசுவாளாம்."

"ஏசட்டும்" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கிழமை ஒரு மாலை வேலியால் பார்த்தேன். புது மாப்பிள்ளை ரிஸ்வி முன்வாசல் கதிரையில் புதுச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தான். குசினிக்குள் போக முடியாது, தெருவுக்குப் போனால் ஒருவரையும் தெரியாது, கூப்பிட்டால் மரியாதையாகப் பிளேன்டி மட்டும் வரும். போனைத் தடவிக்கொண்டு, தெருவுக்குப் போகிற கடப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான். காக்கா கிணற்றடியில் லைனைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தனியாகக் குந்தியும் எழும்பியும் பாதி வேலையை முடித்திருந்தார். தலையைத் தூக்காமலே கூப்பிட்டார்.

"மாப்புள, இஞ்ச வந்து இந்தக் கம்பியக் கொஞ்சம் புடிங்க. எனக்கு முழங்கால் மடங்குதில்ல."

பையன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

நான் இந்தத் தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்த கிழமையும் அப்படித்தான் ஒரு கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு மேலால் ஒரு கை வந்தது. கையில் ஓர் அரம். "தம்பி, இதக் கொஞ்சம் புடிங்க" என்றது குரல். எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பித்தளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவருக்கு அரமே தேவைப்படவில்லை என்பது ரிஸ்வி ஓடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கை அன்று வேலியைத் தாண்டி வந்திருக்காவிட்டால் நான் அட்டாளைச்சேனை பஸ்ஸில் ஏறி உம்மா வீட்டுக்கே போயிருப்பேன்.