தியாகராசாவின் ரெஜிஸ்ட்ரி

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர குரல் இண்டைக்கும் வரேல்லையே?" குசினியிலிருந்து நேசம்மா கேட்டாள்.

மூன்று நாளாக வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் தியாகராசா கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம், "அப்பா, ஆபீசுக்கு லேட்டாச்சு!" என்று ஐந்து வயது ராஜினி கத்துவாள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் பதிந்த குரல். கம்ப்யூட்டர்கள் மாறின, மகள் மெல்பர்ன் போய் இரண்டு பிள்ளை பெற்றாள், குரலை மட்டும் அவர் விடாமல் சுமந்து வந்தார். இப்போது ஏதோ அப்டேட் வந்து அதையும் கொண்டுபோய்விட்டது.

செட்டிங்ஸில் தேடினார். 'சத்தம்' என்று ஓர் இடம், அதற்குள் 'மேலும் சத்தம்'. அது வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. முப்பத்திரண்டு என்று பேர் போட்ட போல்டருக்குள் அறுபத்துநாலு பிட் சாமான், அறுபத்துநாலு என்று பேர் போட்டதற்குள் முப்பத்திரண்டு பிட் சாமான்.

"எந்த விசரன் பேர் வைச்சவன்?"

இன்டர்நெட்டில் யாரோ சொன்னபடி எதையோ தட்டினார். ஒரு ஜன்னல் திறந்தது. தலைப்பு, 'ரெஜிஸ்ட்ரி'. கம்ப்யூட்டர் தன் குறிப்புகளையெல்லாம் பதிந்து வைக்கும் இடம்.

தியாகராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசாங்க ஆபீசில் ரெஜிஸ்ட்ரி என்றால் பைல் ரூம். முப்பத்தாறு வருடம் அதை ஆண்டவர் அவர். பழைய தாளின் மணமும், மத்தியான மின்விசிறியில் பைல் அட்டைகள் படபடக்கும் சத்தமும் அப்படியே திரும்பி வந்தன.

"நேசம், இது என்ர டிப்பார்ட்மென்ட்!"

'இப்போதைய பயனர்' என்றொரு கட்டு. 'பயனர்கள்' என்ற இன்னொரு கட்டுக்குள்ளும் அதே தாள்கள், அச்சு அசலாக. டூப்ளிகேட்! அவருடைய ஆட்சியில் இது நடக்குமா? கீழே இருந்ததை அழித்தார். மேலே இருந்ததும் மாயமானது. இரண்டு பேரில் இருந்தது ஒரே கட்டுதான்.

ஜன்னலுக்குப் பின்னால் திரை கறுத்தது. பதறிப்போய், அழித்த பேர்களை ஞாபகத்திலிருந்து அடித்துச் சேர்த்தார். அணைத்துத் திறந்தார். 'வருக, புதிய பயனரே!' என்றது மெஷின். ராஜினியின் கல்யாணப் படங்களையும் காணோம்.

"என்னையே ஆரெண்டு கேக்குது, நேசம்!" மறுபடி கீபோர்டில் கை வைத்தார்.

"இனிக் கை வைக்காதேங்கோ. நான் மலரைக் கூப்பிடுறன்."

மலர் கீழ்மாடிக்காரி. தியாகராசா ஓய்வு பெற்றபோது ஆபீசில் அவருடைய நாற்காலிக்கு வந்தவள். மேலே ஏறி வந்து திரையைப் பார்த்தாள்.

"ரிலேக்ஸ் லா அங்கிள். எதுவும் போகல. போன வாரம் இருந்த மாதிரி திருப்பிடறேன்."

அரை மணி நேரம் மலர் எதையெதையோ தட்டினாள். பிறகு, "அப்பா, ஆபீசுக்கு லேட்டாச்சு!"

நேசம்மா அகப்பையோடு ஓடி வந்தாள். தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

குரல் திரும்பியதும் வீறாப்பும் திரும்பியது.

"எண்டாலும் பிள்ளை, வெளியில ஒரு பேர், உள்ளுக்கு இன்னொண்டு. இதெல்லாம் ஒரு ரெஜிஸ்ட்ரியா? என்ர காலத்தில ஒரு பைல் துலைஞ்சிருக்குமா?"

மலர் கோப்பியை ஒரு மிடறு குடித்தாள்.

"உங்க காலத்துல தொலையல அங்கிள், எது எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரியும். நீங்க ரிட்டையர் ஆனப்புறம் நாங்க திறந்து பாத்தா, 'தண்ணி' அலமாரில ரோடு பைலும், 'ரோடு' அலமாரில சுடுகாட்டு பைலும் இருந்துச்சு. ஆறு மாசம் தேடிப் பாத்துட்டுத்தான், ரூமையே மூடி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினோம்."