பிளவுஸ் அண்ணனும் நாலு விரல் குழாயும்

தேயிலை முளைக்கிற நாடுகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. கிட்டார் வாசிக்கிறவர்களும் அங்கெல்லாம் இருப்பார்கள். ஆனால், ஒரு கிட்டார் வித்துவானின் கையில் ரவிக்கைத் துணியைத் திணித்து, "தம்பி, தேர்த் திருவிழாவுக்குள்ள தச்சுக் குடுத்துரு, கை மட்டும் கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்று சொன்ன ஊர் ஒன்றே ஒன்றுதான். அது இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற நம்முடைய தேயிலைத் தோட்டம். அந்த வித்துவான்தான் பிளவுஸ் அண்ணன்.

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் பீலியிலிருந்து நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வந்து நின்று, "அப்பா, அந்த நீளம் பத்தாத கட்டைக் குழாய ஏன் யாருமே மாத்த மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டீர்கள். மலையூற்றுத் தண்ணீர் வந்து விழுகிற அந்தப் பீலிக்கும் பிளவுஸ் அண்ணனுக்கும் ஒரு கதை இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். அதனால் எழுதிவிட்டேன். மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டுமே என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அண்ணன் கொழும்பில் வாத்தியங்கள் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்தார். அங்கேதான் 'புளூஸ்' என்ற சங்கீதம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் நீளமான கறுப்புப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை வீடுகளான நம் லயத்துக்குத் திரும்பி வந்தார். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பாக்கியம் அக்கா வாசலிலேயே மறித்தார்.

"கொழும்புல என்னடா வேல?"

"புளூஸ் அக்கா."

"பிளவுஸா? பொம்பளைங்களுதா?"

"தைக்கிறது இல்லக்கா. வாசிக்கிறது."

"பிளவுஸ வாசிக்கிறியா? நல்லா இருந்த பயல கொழும்பு கெடுத்துருச்சே!"

பாக்கியம் அக்காவின் காதில் விழுந்தால் தோட்டத்துக்கே விழுந்த மாதிரி. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள், அந்தக் கறுப்புப் பைக்குள் இருப்பது தையல் மெஷின் என்று முடிவாகிவிட்டது. சாயங்காலம் துணியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். அண்ணன் துணிகளை எல்லாம் வாங்கி நோர்வூட் டெய்லரிடம் கொடுத்துத் தைத்து, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கும், "கழுத்து எறங்கிப்போச்சு தம்பி" என்று ஏச்சு வாங்கினார்.

அன்றிலிருந்து அவர் பிளவுஸ் அண்ணன். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

புளூஸ் என்றால் என்ன என்று அவர் விளக்காமல் இல்லை. "மனசுல பாரம் இருக்குல்ல, அத எறக்கி வக்கிற பாட்டுங்கய்யா" என்று ஒருமுறை தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடமே சொன்னார். கண்டாக்கையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாரம் எறக்கணும்னா கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போ. அங்கதான் தராசு இருக்கு" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படிகளில் அங்கங்கே உட்கார்ந்து, கிட்டாரை எடுத்துக் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். 'கொழும்பு ஸ்டைல் காட்டுறாரு' என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிறகுதான் எனக்குச் சொன்னார். பிறந்ததிலிருந்தே அவருடைய இதயத்தில் ஓட்டை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். அது வெளியே தெரியக்கூடாது என்றுதான் பாட்டு.

நான் பதறிப்போனேன். அவர் கிட்டாரின் நடுவில் இருக்கிற வட்டத்தைத் தட்டிக் காட்டினார். "இதுக்கும் நெஞ்சுல ஓட்டதான்டா. அதனாலதான் சத்தம் வருது."

அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை. நுவரெலியா ஹோட்டல்களில் அவர் வாசித்தால் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கொழும்பில் அவருக்கென்றே நீளமுடி வைத்த ரசிகர் பட்டாளம் இருந்தது. அது போதவில்லை. "நம்மாளுங்க கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும். ஒருதடவ போதும்" என்பார். அந்த ஓட்டையோடு எத்தனை தேர் பார்ப்போமோ என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் அந்த அவசரம்.

ஊருக்கு வந்தபின் முதலாவது தேருக்கு மாரியம்மன் கோயில் மேடையில் ஏறினார். உடைந்த மருந்துப் போத்தலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு, கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசித்தார். கிட்டார் அழுதது, கெஞ்சியது, கொட்டாவி விட்டது. ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தார். கோயில் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து அன்பாகச் சொன்னார்:

"சுருதி சேத்தது போதும் தம்பி. பாட்ட ஆரம்பி."

இரண்டாவது பாட்டில் சனம் சுண்டலுக்கு எழுந்தது. போத்தல் கழுத்தும் மேடையில் விழுந்து நொறுங்கியது. அண்ணன் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "ஹோட்டல்ல வெள்ளக்காரன் எந்திரிக்கிறான். இங்க நம்மாளு எந்திரிக்கிறான். ரெண்டு பேரும் எந்திரிக்கத்தான்டா செய்றாங்க" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

விரலில் மாட்ட இனி உடையாத பொருள் வேண்டும் என்று தேடினார். பழைய இரும்பில்தான் நல்ல நாதம் வருமாம். தோட்டம் முழுக்க ஒவ்வொரு இரும்பாகத் தட்டிப் பார்த்தவருக்குப் பீலிக் குழாயின் சத்தம் பிடித்துப்போயிற்று. ஆக்சா பிளேடை எடுத்து நுனியில் நாலு விரல் நீளத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு விரல்தானே என்று நினைக்காதீர்கள். அதுவரை குடத்தின் வாய்க்குள் நேராக விழுந்த தண்ணீர், இப்போது குடம் வைக்கிற கல்லின் விளிம்பில் விழுந்து தெறித்தது. காலையில் முதல் குடத்தோடு போனவர் பாக்கியம் அக்கா.

நம் லயத்து ஏச்சுக்கு ஒரு முறை உண்டு, கவனித்திருப்பீர்கள். முதலில் மேல் லயத்தைப் பார்த்து ஒருதடவை. அதையே கீழ் லயத்தைப் பார்த்து இன்னொரு தடவை. மூன்றாவதாக, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வெட்டு. பாக்கியம் அக்கா நனைந்த சேலையோடு ஆரம்பித்தார்:

"எங்க பீலிய வெட்டுனவன் எவன்டா!

எங்க பீலிய வெட்டுனவன் எவன்டா!

கொடம் நெறையல, என் சேலதான் நெறஞ்சு போச்சுடா!"

அறுத்த இரும்பு விரலில் இருக்க, அண்ணன் கிட்டாரோடு வெளியே ஓடி வந்தார். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். "அக்கா! இதேதான்க்கா! புளூஸ் பாட்டுக்கும் இதே கணக்குதான்! இன்னொருதடவ ஏசுங்க!"

"திருடுனதும் இல்லாம தாளமா போடுற?" என்று அக்கா மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் அண்ணன் அந்த இரும்பாலேயே கம்பியில் பதில் இழுத்தார். அக்கா திகைத்துப்போய்ப் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்: "பாத்தியாடி, நான் ஏசுனா அதுவும் திருப்பி ஏசுது!"

அடுத்த தேர் வந்தது. அண்ணன் மெலிந்திருந்தார். மேடைக்கு ஏறுகிற படியிலும் உட்கார்ந்துதான் ஏறினார். இங்கிலீஷ் பாட்டு எதுவும் எடுக்கவில்லை. கிட்டாரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எங்க பீலிய வெட்டுனவன் எவன்டா" என்று மூன்று வரியையும் பாடினார்.

சனம் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து பாக்கியம் அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். நேராக மேடையை நோக்கி நடந்தார். கமிட்டித் தலைவர் மைக்கைக் காப்பாற்றப் பாய்ந்தார்.

"டேய்! மூணாவது வரிய தப்பா பாடுற!" என்று கத்திவிட்டு, அக்காவே அதைத் திருத்திப் பாடினார். கிட்டார் குனிந்து வணங்குகிற மாதிரிப் பதில் சொன்னது.

அவ்வளவுதான். ஒவ்வொரு பெண்ணாக எழுந்து தன் பாரத்தை இறக்கினார்கள். தராசைப் பற்றி ஒருத்தி, மழையைப் பற்றி ஒருத்தி, புருஷனைப் பற்றிப் பலபேர். ஒருதடவை, மறுபடி ஒருதடவை, பிறகு வெட்டு. கண்டாக்கையாவைப் பற்றியும் ஒரு பாட்டு வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வரைக்கும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தலைவர் மைக்கில் கெஞ்சினார்: "ஐயா, சுண்டல் ஆறிப்போச்சு. யாராவது எந்திரிங்க!"

அண்ணன் மேடையிலிருந்து என்னைப் பார்த்து, அந்த இரும்பு மாட்டிய விரலை ஒருதடவை உயர்த்திக் காட்டினார். அந்த முகத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

அதற்கடுத்த தேரை அவர் பார்க்கவில்லை. முப்பது வயதைக்கூடத் தொடாத மனிதர். ஹட்டன், கண்டி, கொழும்பு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். தோளில் கிட்டாரோடு வந்த சிங்களப் பையன் ஒருவன் படியடியில் நின்று, "புளூஸ் அய்யாகே கெதர கொஹேத?" என்று அண்ணனின் வீட்டைத் தேடினான். பாக்கியம் அக்கா அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அக்காதான் அந்த இரும்புத் துண்டை அண்ணனின் விரலில் மாட்டிவிட்டார். "போற எடத்துலயும் வாசிப்பான்" என்றார். அப்படியேதான் அவரைப் புதைத்தோம்.

இப்போதும் வருஷாவருஷம் அந்த ரசிகர்கள் வந்து, பீலியடியில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இந்த வருஷம் 'புளூஸ் அண்ணன் நினைவு' என்று பெரிய பேனர் அடித்துக்கொண்டு வந்தார்கள். நம் தோட்டத்துப் பையன்கள் மரியாதையாக, "அண்ணே, எழுத்துப் பிழ இருக்கு" என்று சொல்லித் திருத்தி அனுப்பினார்கள். இன்று கொழும்பில் 'பிளவுஸ்' என்று எழுதிய கறுப்பு டீசேட்டைப் போட்டுக்கொண்டு பையன்கள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்களாம். எங்கேயாவது கண்டால், நாங்கள் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

குழாய்க்கு வருகிறேன். தோட்ட நிர்வாகத்திலிருந்து புதுக் குழாய் போட ஆள் வந்தது. பாக்கியம் அக்கா பீலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "வேற எங்கயாச்சும் போடுங்க. இது மிச்சம். மத்தது அவன்கிட்ட இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால், குடத்தைக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், பிள்ளைகளா. நனைந்தால் நனையட்டும்.