யாரும் பார்க்க முடியாத வாசல்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு உண்டு. அதை வழங்குவதற்கு முன் சில நடைமுறைகள் பாக்கி இருப்பதால், வாசகர்கள் வரிசை கலையாமல் காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

போதை மீட்பு ஆலோசனை மையத்தின் கண்காணிப்பாளருக்கு ரகசியம்தான் உயிர். குடியோ, சிகரெட்டோ, கைபேசிச் சூதாட்டமோ, எதை விட முடியாமல் யார் வந்தாலும் அந்தச் சேதி ஈ எறும்புக்குக்கூட எட்டக் கூடாது. அதற்காகவே பின்பக்கம் ஒரு சந்து கட்டவைத்தார். இருபுறமும் உயர்ந்த சுவர், மேலே தகரக் கூரை, நடுவில் பாம்பு மாதிரி வளைவுகள். சந்தின் வாய் காய்கறிச் சந்தைக்குள் திறந்தது. உள்ளே நுழைகிறவர் வெங்காயம் வாங்கப் போகிறாரா, குடியை விடப் போகிறாரா என்று கடவுளுக்கே குழப்பம் வரும். காத்திருக்கும் கூடத்தில் ஆளுக்கொரு திரை. தன் முறை வந்ததா என்று பார்க்க, திரையில் ஒரு சின்ன ஓட்டை.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் கைப்பட எழுதிய விதி: "இன்னார் இங்கே வருகிறார் என்றோ, வரவில்லை என்றோ, எவரும் எவரிடமும் உரைக்கலாகாது."

துணை இயக்குநர் நாற்காலி காலியாகக் கிடந்த நேரம். அது தனக்குத்தான் என்று கண்காணிப்பாளர் புதுச் சட்டையே தைத்துவிட்டார். அந்தக் குஷியில் ஒரு நாள் சந்து வழியே தானே நடந்து பார்த்தார். ஒரு குருவிகூடக் கண்ணில் படவில்லை. சந்தின் முடிவில், கூடத்துக்குள் திறந்திருந்த கதவின் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்து, தனக்குத்தானே சிரித்துவிட்டுத் திரும்பினார்.

சாயங்காலம் மாடிவீட்டு வக்கீல் படிக்கட்டில் மறித்து, "சிகரெட்தானே சார், முதல் வாரம்தான் உயிர் போகும்" என்று தோளைத் தட்டினார். கண்காணிப்பாளர் பீடியைக்கூட முகர்ந்ததில்லை.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு, குடிக்கிறவர்மேல் தனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் நாற்காலி தர வழியில்லை என்றார். வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "எந்த ஆட்டம்?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மையத்தின் பெண் ஆலோசகரிடம் ஓடினார். "நான் இங்க வர்ற ஆள் இல்லைன்னு இயக்குநர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"'வரவில்லை என்றோ', சார். உங்க விதிதான்."

"விதிவிலக்கு இருக்குமே?"

"வர்றவர் சம்மதிச்சா சொல்லலாம்."

"சம்மதிச்சேன்."

"வர்றவர் சம்மதிக்கணும். நீங்க வர்றவரா?"

நாற்காலியை நினைத்தார். உட்கார்ந்தார். தானும் வருகிறவர்தான் என்று கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தார்.

"இப்ப தாராளமா சொல்லலாம்" என்றார் ஆலோசகர். "ஆனா வர்றார்னுதான் சொல்ல முடியும்."

"அந்த நாற்காலியில வேற எவனாவது உட்கார்ந்தா கழுத்தை நெரிச்சுடுவேன்!"

ஆலோசகர் வருத்தத்தோடு தொலைபேசியை எடுத்தார். யார் உயிருக்காவது ஆபத்து என்றால் ரகசியம் காக்கச் சட்டம் இடம் தராது. சம்பந்தப்பட்டவரை எச்சரித்தே ஆக வேண்டும். உட்காரப் போகிறவர் யாரென்று தெரியாததால், உட்காரவைக்கும் இயக்குநர் எச்சரிக்கப்பட்டார்.

ரகசியத்தைத் திறக்க மிச்சம் இருந்த விதிவிலக்கு நீதிமன்ற உத்தரவு. வக்கீலைப் பிடித்து, வதந்தி கிளப்பியவர்கள்மேல் வழக்குப் போடச் சொன்னார். அப்படியானால் பார்த்த சாட்சி யார், எங்கிருந்து பார்த்தார் என்று கூண்டில் ஏற்றிக் கேட்பார்களே என்று கண்காணிப்பாளர் சொன்னதும் வக்கீலின் முகம் வெளுத்தது. ஃபீஸ் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்து விழுந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இதமாகப் பேசினாள்.

"போறதுல தப்பே இல்லைங்க. ஆனா வாசல் வரைக்கும் வந்து, கைப்பிடியைத் துடைச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே திரும்பிப் போனா எப்படிக் குணமாகும்?"

"அதான் எனக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

உயர்ந்த சுவர். தகரக் கூரை. வளைவுகள். வெளியிலிருந்து ஒரு காக்காய்கூடப் பார்க்க முடியாத கைப்பிடி. உள்ளே, திரைகள். திரைக்கு ஒரு ஓட்டை.

ஓட்டைக்கு ஒரு கண்.

முதல் வாரம் உயிர் போகும் என்று அறிந்த வக்கீல். குடிக்கிறவர்மேல் அனுதாபம் கொண்ட இயக்குநர். கண்காணிப்பாளர் மெல்லத் தலையைத் திருப்பினார். மனைவி மடியில் கவிழ்த்திருந்த கைபேசி, காசு கொட்டுகிற மாதிரி கலகலவென்று சிரித்தது.

கேட்க வாயைத் திறந்தார். விதி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.